ஸ்பிரிண்ட் ஜீனும் மூவாயிரம் மீட்டரும்

போன மாதம் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் பளபளவென்று ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே அவருடைய மகனின் மரபணுப் பரிசோதனை அறிக்கை. சென்னையில் இருக்கும் மைத்துனர் யோசனையாம். ஆன்லைனில் பணம் கட்டினால் வீட்டுக்குச் சின்னக் குழாய் ஒன்று வரும். அதில் எச்சிலைத் துப்பி மூடிக் கூரியரில் அனுப்பினால் சில வாரங்களில் அறிக்கை கைக்கு வந்துவிடும். எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

"இவன் ஸ்பிரிண்ட் ஆளாம் டீச்சர். நீங்க என்னன்னா மூவாயிரம் மீட்டர்ல போட்டிருக்கீங்க. இந்த வருசம் நூறு மீட்டருக்கு மாத்திப் பாருங்களேன்" என்றார்.

பையன் ஒன்பதாம் வகுப்பு. பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவு. எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர்தான், ஆக மூவாயிரத்துக்குப் பதினைந்து சுற்று. இவன் சுற்றுக்கு 42 வினாடி என்று பிடித்தால், அடுத்த பத்துச் சுற்றும் ஒரு வினாடி முன்னே பின்னே 42தான். கடைசிச் சுற்றை 36இல் முடிப்பான். பத்தரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறான், அதுவும் மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும் கரிசல் மண்ணில். நூறு மீட்டரில் இவனைவிட வேகமான பையன்கள் எங்கள் பள்ளியிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். இதையெல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அறிக்கையில் வண்ணப்படம் இருந்தது. கார் ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒன்று வரைந்து, முள்ளைச் சிவப்புப் பக்கம் தள்ளி, "பவர்" என்று போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் "ஏசிடிஎன்3: ஆர்ஆர்". அதற்கும் கீழே, நெடுந்தூர ஓட்டம் இவருக்கு உகந்ததல்ல என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. ஏசிடிஎன்3 என்ற ஜீனைப் பற்றிய ஆய்வுகளைச் சில வருடங்களாகவே படித்து வருகிறேன். அந்த ஜீன் பொய் இல்லை. தசைக்குள் அது செய்யும் வேலை ஆச்சரியமானது. ஆனால் அங்கிருந்து "உங்கள் மகன் மூவாயிரம் ஓட வேண்டாம்" என்பதற்குத் தாவுவதில்தான் கோளாறு.

முதலில் தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நம் தசை இழைகளில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று மெதுவாகச் சுருங்கும், களைக்காமல் நீண்ட நேரம் வேலை செய்யும். மைட்டோகாண்ட்ரியா நிறைந்து, ஆக்சிஜனை வைத்து எரிசக்தி எடுக்கும் இழை அது. இன்னொன்று சட்டென்று சுருங்கி அதிக விசை தரும், சீக்கிரம் களைத்துவிடும். எல்லோர் காலிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன, விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1976இல் அமெரிக்காவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கெண்டைக்காலில் ஊசி போட்டுத் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது மெதுவான இழை சராசரியாக 79 சதவீதம் இருந்தது. சாதாரண ஆட்களுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

ஒவ்வொரு இழைக்குள்ளும் சுருங்கும் அலகுகள் வரிசையாக இருக்கும். அலகுக்கும் அலகுக்கும் நடுவே இசட்-கோடு என்று ஒரு எல்லை. ஆக்டின் என்ற மெல்லிய நூல்கள் அந்த எல்லையில் போய் நங்கூரமிடுகின்றன. ஆல்ஃபா-ஆக்டினின் என்ற புரதம்தான் அந்த நங்கூரம். ஆட்டை இழுத்துக் கட்டும் முளைக்குச்சி மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். முளை உறுதியாக இல்லையென்றால் கயிறு எவ்வளவு பலமாக இருந்து என்ன? இந்தப் புரதத்தில் தசையில் வேலை செய்பவை இரண்டு. ஆல்ஃபா-ஆக்டினின்-2 எல்லா இழைகளிலும் இருக்கும். ஆல்ஃபா-ஆக்டினின்-3 வேகமான இழைகளில் மட்டும். இந்த மூன்றாம் எண் புரதத்தைச் செய்யும் மரபணுதான் ஏசிடிஎன்3.

1999இல் ஆஸ்திரேலியாவின் கேத்ரின் நார்த் குழு நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. தசைநோய் உள்ளவர்களிடம் ஆரம்பித்த தேடல் அது. சில நோயாளிகளின் தசையில் ஆல்ஃபா-ஆக்டினின்-3 அறவே இல்லை. சரி, நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்கள் பலரிடமும் அது இல்லை என்று தெரிந்தது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. புரதத்தின் 577ஆவது இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் போடு என்று சொல்ல வேண்டிய இடத்தில், "இத்தோடு நிறுத்து" என்ற கட்டளை வந்துவிடுகிறது. புரதம் அரைகுறையாக நின்று, உடல் அதைக் கழித்துவிடுகிறது. முழுப் புரதம் தரும் வடிவத்துக்கு ஆர் என்றும், நின்றுபோகும் வடிவத்துக்கு எக்ஸ் என்றும் பெயர். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் எக்ஸ் ஆக, அதாவது எக்ஸ்எக்ஸ் என்று அமைந்தால் அந்த ஆளின் உடம்பில் ஆல்ஃபா-ஆக்டினின்-3 இருக்கவே இருக்காது. ஐரோப்பியரில் சுமார் 18 சதவீதம் பேர் இப்படி, ஆசியரில் சுமார் 25 சதவீதம். உலகம் முழுக்க நூறு கோடிக்கும் மேல். அவர்களுக்கு இது தெரியவும் தெரியாது. ஆக்டினின்-2 வந்து காலி இடத்தை நிரப்பிக்கொள்வதால் நடப்பதில், ஓடுவதில், மூட்டை தூக்குவதில் ஒரு குறையும் தெரியாது.

2003இல் அதே குழு ஆஸ்திரேலியாவின் உயர்மட்ட விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்தது. குறுந்தூர, விசைப் போட்டிக்காரர்களில் எக்ஸ்எக்ஸ் வெறும் 6 சதவீதம். பொதுமக்களில் 18. நெடுந்தூர, தாங்குதிறன் போட்டிக்காரர்களில் 24. பத்திரிகைகள் விடுமா? "வேக ஜீன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எச்சில் குழாய் வியாபாரத்தின் கொடிக்கம்பம் அன்றைக்கு நட்டதுதான்.

அடுத்து எலிகள். இந்த மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளை டிரெட்மில்லில் ஓட விட்டபோது, சாதாரண எலிகளைவிட 33 சதவீதம் அதிக தூரம் ஓடிவிட்டுத்தான் களைத்தன. பிடியின் பலம் கொஞ்சம் குறைவு. வேகமான இழைகளின் தடிமனும் குறைவு. உள்ளே பார்த்தால், தசையில் சர்க்கரைச் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி மந்தமாகிவிட்டது. அதனால் வேகமான இழைகளே ஆக்சிஜன் வழிக்குச் சாய்ந்துவிட்டன. அதாவது, இழை வேகமான வகைதான், ஆனால் அதன் குணம் மெதுவான இழைப் பக்கம் நகர்ந்திருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு புரதம் இல்லாமல் போனால் தசை தன் எரிபொருள் கணக்கையே மாற்றி எழுதிக்கொள்கிறது என்றால் சும்மாவா?

இதுவரை எல்லாம் அறிக்கைக்குச் சாதகம். ஆர்ஆர் என்றால் விசை, எக்ஸ்எக்ஸ் என்றால் தாங்குதிறன். அண்ணாச்சியும் இதைத்தான் நம்பியிருந்தார்.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம்.

உலகின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கென்யாவும் எத்தியோப்பியாவும். 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடிக் காட்டிய எலியுட் கிப்சோகே கென்யாக்காரர். அது போட்டி ஓட்டம் அல்ல என்பதால் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை, அது வேறு கதை. 2023இல் சிகாகோவில் 2 மணி 35 வினாடியில் முடித்துவிட்டு, அடுத்த வருடமே கார் விபத்தில் இறந்துபோன கெல்வின் கிப்டமும் அதே நாடு. எக்ஸ்எக்ஸ்தான் நெடுந்தூரத்தின் ரகசியம் என்றால் கென்யாவில் அது பொங்கி வழிய வேண்டும், இல்லையா?

2007இல் வந்த ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. கென்ய மக்களில் எக்ஸ்எக்ஸ் சுமார் 1 சதவீதம். எத்தியோப்பியாவில் 11 சதவீதம் அளவு. இரண்டு நாட்டிலும் தேசிய அளவிலான ஓட்டக்காரர்களுக்கும் சாதாரண மக்களுக்கும் இதில் குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. ஆக, கென்யாவின் நெடுந்தூர வீரர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஆல்ஃபா-ஆக்டினின்-3 உள்ளவர்கள். அந்த நிறுவனத்தின் குழாயில் இவர்கள் எச்சிலைத் துப்பினால் பலருக்கு முள் சிவப்புப் பக்கம்தான் போகும். உகந்ததல்ல என்று வரியும் வரும்.

இதை நான் சொன்னதும் அண்ணாச்சி, "அப்ப இந்தக் கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதா டீச்சர்?" என்றார். தெரியாமலா இருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் உதாரணம் உண்டு. இரண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ஸ்பெயின் நீளம் தாண்டும் வீரர் ஒருவரை ஆராய்ந்தார்கள். அவருடைய சிறந்த தாண்டல் 8.26 மீட்டர். முழுக்க முழுக்க வேக இழைகளின் விளையாட்டு அது. அவர் எக்ஸ்எக்ஸ்! சின்ன வயதில் யாராவது அவருக்கு அறிக்கை எடுத்துக் கொடுத்திருந்தால் மாரத்தானுக்கு அனுப்பியிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது கிரேக்க நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து 2007இல் வந்த ஆய்வு. ஒலிம்பிக் வீரர்கள் அல்ல, நான் தினமும் பார்ப்பது போன்ற சாதாரண வளரிளம் பருவத்தினர். பையன்களின் 40 மீட்டர் ஓட்ட நேரத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 2.3 சதவீதத்தை மட்டுமே ஏசிடிஎன்3 விளக்கியது. தாங்குதிறன் ஓட்டத்தோடு தொடர்பே தெரியவில்லை. மீதி 97 சதவீதத்துக்கு மேல் வேறு எதிலெதிலோ இருக்கிறது. இன்னும் பல நூறு மரபணுக்கள், சாப்பாடு, தூக்கம், எந்த வயதில் வளர்த்தி வந்தது, யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒன்பதாம் வகுப்பில் மீசை முளைத்துவிட்ட பையனும் இன்னும் குரல் உடையாத பையனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அந்த வித்தியாசம் ஒன்றே 2.3 சதவீதத்தை விழுங்கிவிடும்.

ஒரே மரபணு ஆளைத் தூக்கிவிட்ட கதையே இல்லையா என்றால், உண்டு. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டா 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு சந்தேகப்படும் அளவுக்கு அதிகம். 1990களில் அவர் குடும்பத்தையே பரிசோதித்தபோது காரணம் தெரிந்தது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் ஒரு பிறவி மாற்றம், தூண்டல் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில்லை. அந்தக் குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு இதே மாற்றம் இருந்தது. எல்லோரும் தங்கம் வாங்கவில்லை. பந்தயக் குதிரைகளிலும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவை வைத்து, குறுந்தூரக் குதிரையா நெடுந்தூரக் குதிரையா என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். குதிரையை மூன்று நூற்றாண்டாக ஓட்டத்துக்கென்றே இணைசேர்த்து வளர்க்கிறார்கள். மனிதர்கள் அப்படியா கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள்!

சரி, பிறவியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் உழைப்புதான் என்று மேடைப் பேச்சுப் பேசவும் நான் தயாரில்லை. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர்கள் அதைப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் மைதானத்தில் நிற்பது நான்தானே. ஒரே பயிற்சியை ஒரே மாதிரி கொடுத்தாலும் ஒருவன் இரண்டு மாதத்தில் ஆளே மாறிவிடுகிறான், இன்னொருத்தி அப்படியே இருக்கிறாள். இதை ஹெரிட்டேஜ் என்ற பெரிய குடும்ப ஆய்வு அளந்து காட்டியது. கிளாட் பூஷார் என்ற ஆய்வாளர் தலைமையில், உடற்பயிற்சியே செய்யாதிருந்த 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் ஒரே பயிற்சி. உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு சராசரியாக சுமார் 400 மில்லிலிட்டர் உயர்ந்தது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே உயரவில்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல். அந்த வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு குடும்பவழி வருவது என்று கணக்கிட்டார்கள். பயிற்சிக்கு எப்படி உடம்பு ஒத்துழைக்கும் என்பதே ஓரளவு பிறவியில் வருகிறது.

இழை விகிதமும் அப்படித்தான். மெதுவான இழை எத்தனை சதவீதம் என்பதில் காணும் வேறுபாட்டில் சுமார் 45 சதவீதம் பரம்பரை, 40 சதவீதம் வாழ்க்கை முறை, மீதி அளவெடுப்பதில் வரும் பிசகு என்று 1995இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2018இல் அமெரிக்காவில் ஐம்பது வயது கடந்த ஒத்த இரட்டையர் இருவரை ஆராய்ந்தார்கள். ஒருவர் முப்பது வருடமாக மாரத்தானும் டிரையத்லானும் ஓடுபவர், மற்றவர் லாரி ஓட்டுபவர். மரபணுவில் இருவரும் ஒன்று. ஓடியவரின் தொடையில் மெதுவான இழை 90 சதவீதத்துக்கு மேல், மற்றவருக்குப் பாதியைவிடக் குறைவு. இரண்டே பேரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். இருந்தாலும் அண்ணாச்சிக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடித்திருந்தது. மைத்துனருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னார்.

என் கண் எதைப் பார்க்கிறது என்று கேட்டால், கணுக்காலையும் கெண்டைக்காலையும். கென்யாவின் கலெஞ்சின் இனத்துப் பையன்களை ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் அளந்தபோது, டென்மார்க் பையன்களைவிட முழங்காலுக்குக் கீழே மெலிவாக, இலேசாக இருப்பதைக் கண்டார்கள். கால் ஒரு ஊசல். நுனியில் எடை கூடக்கூட வீசுவதற்குச் செலவு கூடும். ஷூவில் 100 கிராம் ஏறினாலே ஆக்சிஜன் தேவை சுமார் 1 சதவீதம் கூடிவிடுகிறது என்பது நன்கு அளந்த விஷயம். காலின் அமைப்பும் பிறவியில் வருவதுதான், எச்சில் அறிக்கையில் இல்லாவிட்டாலும் வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. அண்ணாச்சி மகனுக்குக் கால் குச்சி குச்சியாக இருக்கும். வகுப்பில் கேலி பண்ணுகிறார்களாம். பண்ணட்டும்.

நம் பக்கத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய சூரியாவும், 2017இல் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வாங்கிய லட்சுமணனும் புதுக்கோட்டைக்காரர்கள், ஒரே பயிற்சியாளரிடம் வளர்ந்தவர்கள். வறண்ட பூமியின் ஒரு மாவட்டத்திலிருந்து இருவர் இப்படி வந்தால், அந்த மண்ணில் தனி ஜீன் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்த மைதானத்தில் தினமும் விடிகாலை ஒருவர் விசிலோடு நின்றார் என்றுதான் சொல்வோம். கென்யா என்றதும் மட்டும் எச்சில் குழாயைத் தேடுகிறோம்.

விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் கூடி 2015இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஒரு கூட்டறிக்கை கொடுத்துவிட்டார்கள். திறமையைக் கண்டுபிடிக்கவோ பயிற்சியைத் தீர்மானிக்கவோ இந்தப் பரிசோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று. பத்து வருடம் ஆகியும் அண்ணாச்சியின் மைத்துனர் வரை விளம்பரம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

பையன் மூவாயிரத்தில்தான் ஓடுகிறான். குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

ஆனால் அந்த ஃபைலால் ஒரு நல்லது நடந்தது. தசையின் மரபணு பற்றிப் பெற்றோரிடம் பேச ஒரு வாசல் திறந்தது. நம்மவர்களுக்கு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய தசை மரபணு காலில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் ஹைதராபாத்தில் இருக்கும் சி.சி.எம்.பி. என்ற உயிரணு ஆய்வு மையத்து விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து 2009இல் அதே நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் எழுதினார்கள். இதயத் தசையின் சுருங்கும் அலகில் இருக்கும் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் தெற்காசியரிடம் பரவலாக இருக்கிறது, இந்தியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம். இதயத் தசை நோய்க்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வராது, வந்தாலும் பெரும்பாலும் நடுவயதில்தான். அதற்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் எச்சில் குழாய் வாங்கச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். குடும்பத்தில் யாராவது நாற்பது, ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? இதயம் பெருத்துவிட்டது, தசை தடித்துவிட்டது என்று டாக்டர் யாருக்காவது சொல்லியிருக்கிறாரா? பிள்ளை ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? ஓடி முடித்த பிறகு தலைசுற்றுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு என்பதையும் விளக்கிச் சொல்லிவிடுவேன். ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் அரசு மருத்துவமனையில் ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ, டாக்டர் சரி என்ற பிறகுதான் ஓட்டம். சில அம்மாக்கள் "நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்திக் கேக்கீகளே டீச்சர்" என்று கோபப்படுகிறார்கள். அண்ணாச்சி கோபப்படவில்லை, மூன்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காசைத் திருப்பித் தருவார்களா என்று மட்டும் கேட்டார்.